யாருக்குப் புரியவில்லை?

"ஜனங்களுக்கு அதெல்லாம் புரியாது ஐயா! அவர்கள் பார்ப்பது பாட்டும் சண்டையும்தான். அரசியல் கிரசியல் எதுவும் அவர்கள் மண்டையில் ஏறாது."

சினிமாத் தொழிலில் பணம் போட்டிருக்கும் முதலாளிகள் இந்தப் பல்லவியை வெகு காலமாகப் பாடி வருகிறார்கள். அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சரக்கு விற்கிறவன் வாங்குகிறவனை மட்டமாக நினைப்பது வியாபார உலகத்தின் பழைய வழக்கம். ஆனால் அதே பல்லவியை இலக்கியப் பண்டிதர்களும் எடுத்துப் பாடுகிறார்கள். தாங்கள் எழுதிய நாவல் விற்காமல் அலமாரியில் கிடந்தால், "வாசகனுக்கு உள்ளர்த்தம் பிடிபடவில்லை" என்று பெருமூச்சு விடுகிறார்கள். இவர்களும் போகட்டும். நம் இயக்கத்தைச் சேர்ந்த தோழர்கள் சிலரும், கூட்டம் முடிந்து டீக்கடை வாசலில் நிற்கும்போது, இதையே வேறு வார்த்தைகளில் சொல்லக் கேட்கிறோம். "எவ்வளவு நல்ல படம்! எத்தனை ஆழமான கருத்து! இந்த ஜனங்கள் ஒன்றும் புரியாமல் கைதட்டிவிட்டுப் போய்விட்டார்களே!"

இந்தக் கடைசிப் பேச்சைத்தான் நாம் இங்கே எடுத்துக்கொள்கிறோம். முதலாளி சொன்னால் அது அவனுடைய வியாபாரம். தோழர் சொன்னால் அது நம் வேலையையே கெடுக்கும் நோய். ஜனங்களுக்குப் புரியாது என்று ஒரு முறை தீர்மானித்துவிட்டால் பிறகு நாடகம் எதற்கு, படிப்பகம் எதற்கு, இந்தப் பத்திரிகைதான் எதற்கு? கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்!

புத்தகத்திலும் படத்திலும் இருக்கிற அரசியல் பலர் கண்ணில் படாமல் போகிறது என்பது உண்மையே. அதை மறுக்க நாம் வரவில்லை. யார் கண்ணில் படாமல் போகிறது, ஏன் போகிறது, அப்படிப் போவதால் லாபம் யாருக்கு என்றுதான் கேட்கிறோம்.

முதல்தரமான ரசிகர்

உள்ளர்த்தத்தைக் கண்டுபிடிப்பதில் மகா கெட்டிக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் சர்க்கார்!

1860-ல் டாக்காவில் 'நீல் தர்ப்பண்' என்ற வங்காளி நாடகம் அச்சாயிற்று. எழுதியவர் தீனபந்து மித்ரா. அவுரிச் சாகுபடி நடத்திய வெள்ளை முதலாளிகள் விவசாயிகளை முன்பணக் கடனில் மாட்டிவிட்டு, நெல் விளைய வேண்டிய நிலத்தில் அவுரி போடும்படி அடித்து உதைத்த கொடுமைதான் கதை. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லாங்குக்கு 1861-ல் ஒரு மாதச் சிறைவாசமும் 1,000 ரூபாய் அபராதமும் கிடைத்தன. 1876-ல் நாடகங்களைத் தடை செய்வதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. இது கலையா, பிரசாரமா என்று பண்டிதர்கள் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கலாம். வைஸ்ராயின் சர்க்காருக்கு அந்தச் சந்தேகம் ஒரு நிமிஷம்கூட வந்ததில்லை.

தமிழ்நாட்டுக்கு வருவோம். விஸ்வநாததாஸ் என்ற மாபெரும் நடிகரைப் பழைய தலைமுறை அறியும். புராண நாடகம்தான் போடுவார். முருகன் வருவார், வள்ளி வருவாள். அதற்கு நடுவே கொக்கு பறப்பதைப் பற்றி ஒரு பாட்டு வரும். மதுர பாஸ்கரதாஸ் போன்றவர்கள் எழுதிக் கொடுத்த பாட்டுகள் அவை. வெள்ளைக் கொக்கு என்றால் யார் என்று எவரும் பொழிப்புரை எழுதிக் கொடுக்கவில்லை. மேடைக்கு முன்னால் மணலில் உட்கார்ந்திருந்த ஜனங்களில் பெரும்பாலோருக்கு எழுத்து வாசனையே கிடையாது. ஆனால் முதல் அடியிலேயே கொட்டகை அதிர்ந்தது! அவர்களுக்குப் புரிந்தது என்பதற்கு நாம் வேறு சாட்சி தேட வேண்டியதில்லை. போலீஸே சாட்சி. அந்தக் கலைஞரைத் திரும்பத் திரும்பக் கைது செய்தார்கள். 1940-ம் வருஷக் கடைசி நாளில் சென்னையில் முருக வேஷத்தோடு மேடையிலேயே அவர் உயிர் போயிற்று.

கைநாட்டு வைக்கிற விவசாயிக்கு உள்ளர்த்தம் புரிந்தது; இன்று பத்தாவதும் பன்னிரண்டாவதும் படித்த பேரனுக்குப் புரியவில்லையாம்! இடையில் என்ன நடந்தது? மூளை சுருங்கிவிட்டதா? கிடையாது. அன்று ஊருக்கு ஊர் ஓர் இயக்கம் இருந்தது. கள்ளுக்கடை மறியல் நடந்தது, உப்புக் காய்ச்சினார்கள், சிறைக்குப் போனவன் பக்கத்து வீட்டில் இருந்தான். கொட்டகைக்குள் நுழையும்போதே ஜனங்கள் அர்த்தத்தைக் கையில் வைத்திருந்தார்கள். பாட்டு அதைத் தொட்டு எழுப்பியது, அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன் போன பிறகு இந்தச் சங்கதி மாறிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. 1954-ல் சென்னை ராஜ்யத்தில் புதிதாக ஒரு நாடகச் சட்டம் கொண்டுவந்தார்கள். எம்.ஆர்.ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்துத்தான் அது வந்தது என்பது நாடறிந்த விஷயம். அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது 2013-ல்தான்! காங்கிரஸ் போய்க் கழகங்கள் வந்து, ஆட்சிகள் மாறி மாறி, ஏறத்தாழ 60 வருஷ காலம் இது சட்டப் புத்தகத்தில் சௌக்கியமாக இருந்தது. நாடகத்தில் அரசியலே இல்லை, ஜனங்களுக்கும் ஒன்றும் புரியாது என்றால், சர்க்காருக்கு இத்தனை பயம் எதற்கு?

சார்லி சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' 1936-ல் வந்தது. லாரியிலிருந்து சிவப்புத் துணி ஒன்று கீழே விழுகிறது. நீளமான சரக்கு ஏற்றிப் போகும்போது எச்சரிக்கைக்காகக் கட்டும் துணி. சாப்ளின் அதை எடுத்து, லாரிக்காரனைக் கூப்பிட்டு ஆட்டுகிறார். பின்னால் வேலையற்றவர்களின் ஊர்வலம் திரும்பி வருகிறது. போலீஸ் வந்து, இவன்தான் தலைவன் என்று சாப்ளினைப் பிடித்துக்கொண்டு போகிறது. உலகம் வயிறு வலிக்கச் சிரித்தது. "என்ன ஹாஸ்யம்!" என்று பத்திரிகைகள் எழுதின. அமெரிக்கப் போலீஸ் இலாகா மட்டும் சிரிக்கவில்லை, கட்டுக்கட்டாகக் குறிப்பு எழுதியது. 1952-ல் சாப்ளின் கப்பலில் லண்டனுக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே அவர் திரும்பி வருவதற்கான அனுமதியை அமெரிக்க சர்க்கார் ரத்து செய்தது. படத்தில் நடந்தது வாழ்க்கையிலும் நடந்தது!

சிகாகோவின் கதை

இப்போது, புரியாமல் போனதற்குப் பெயர்போன ஒரு கதையைச் சற்று விரிவாகவே சொல்லுகிறோம். தோழர்கள் பொறுமையோடு படிக்க வேண்டும்.

1904-ல் சிகாகோ நகரத்து இறைச்சித் தொழிற்சாலைகளில் பெரிய வேலைநிறுத்தம் நடந்து தோற்றது. அந்த வருஷக் கடைசியில் அப்டன் சின்க்ளேர் என்ற இளம் எழுத்தாளர் அங்கே போய் ஏழு வாரம் தங்கினார். கான்சாஸ் பகுதியிலிருந்து வெளிவந்த 'அப்பீல் டு ரீசன்' என்ற சோஷலிஸ்ட் வாரப் பத்திரிகை அதற்கு முன்பணம் கொடுத்திருந்தது. அவர் எழுதிய 'ஜங்கிள்' நாவல் 1905-ல் அந்தப் பத்திரிகையில் தொடராக வந்தது, 1906-ல் புத்தகமாயிற்று. அமெரிக்கத் தொழிலாளர்களுக்கே அதை அவர் காணிக்கையாக்கினார்.

கதை என்ன? லிதுவேனியாவிலிருந்து பிழைக்க வந்த யூர்கிஸ் என்ற வலுத்த வாலிபன். கஷ்டம் வந்தால் இன்னும் கடுமையாக உழைப்பேன் என்பதுதான் அவன் தெரிந்து வைத்திருந்த ஒரே மந்திரம். தவணை முறையில் வீடு வாங்குகிறான். பத்திரத்தில் ஒளிந்திருந்த வட்டி அப்புறம்தான் தெரிகிறது. ஆலையில் கால் சுளுக்கிப் படுத்தால் கூலி கிடையாது. அவன் மனைவி ஓனாவை மேஸ்திரி மிரட்டிச் சீரழிக்கிறான். அவனை அடித்ததற்காக யூர்கிஸ் சிறைக்குப் போகிறான். திரும்பி வந்து பார்த்தால் வீட்டுக்குப் புது வர்ணம் அடித்து வேறொரு குடும்பத்துக்கு விற்றிருக்கிறார்கள். பிரசவத்தில் மனைவி சாகிறாள். தெருவில் தேங்கிய தண்ணீரில் மூழ்கிக் குழந்தை சாகிறது. எல்லாம் இழந்து அலைந்தவன் கடைசியில் ஒரு கூட்டத்துக்குள் குளிருக்காக ஒதுங்குகிறான். அது சோஷலிஸ்டுகளின் கூட்டம். அங்கேதான் அவனுக்குக் கண் திறக்கிறது.

இதில் உள்ளர்த்தம் என்று சொல்லக்கூட இடமில்லை. தண்டோராப் போட்டுச் சொல்லியிருக்கிறார்! அப்படியும் என்ன ஆயிற்று?

அந்த நாவலில் அழுகிய இறைச்சியைப் பற்றிச் சில பக்கங்கள் வருகின்றன. கொதிக்கும் கொப்பரைகளில் தொழிலாளர்கள் தவறி விழுந்து, எலும்பு நீங்கலாக மற்றதெல்லாம் பன்றிக் கொழுப்போடு கொழுப்பாக டப்பாவில் அடைபட்டுச் சந்தைக்குப் போனதாக ஓர் இடம் வருகிறது. இதைப் படித்ததும் நியூயார்க்கின் நாகரிகக் குடும்பங்கள் அலறின. எதற்காக? கொப்பரையில் விழுந்த மனிதனுக்காகவா? அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்காகவா? தங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கும் டப்பாவுக்காக அலறின! ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் விசாரணைக்கு ஆள் அனுப்பினார். நாவலின் கடைசி அத்தியாயங்களில் இருந்த சோஷலிசம் தமக்குச் சம்மதமில்லை என்று சின்க்ளேருக்குக் கடிதமும் எழுதினார். 1906 ஜூன் 30-ந் தேதி இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் உணவு, மருந்துச் சட்டமும் கையெழுத்தாயின. பரிசோதனைச் செலவை முதலாளிகள் தலையில் போட வேண்டும் என்று முதலில் பேச்சு இருந்தது. முடிவில் அது சர்க்கார் கஜானாவின் தலையில் விழுந்தது, வருஷத்துக்கு 30 லட்சம் டாலர். பெரிய இறைச்சிக் கம்பெனிகளுக்கு சர்க்கார் முத்திரை இனாமாகக் கிடைத்தது, வெளிநாட்டு வியாபாரமும் சௌகரியப்பட்டது.

கூலி உயர்ந்ததா? வேலை நேரம் குறைந்ததா? அந்தச் சட்டங்களில் தொழிலாளிக்கு ஒரு வரிகூட இல்லை. சிகாகோ இறைச்சித் தொழிலாளர்கள் நிலையான சங்க அங்கீகாரம் பெற்றது 1930-களின் கடைசியிலும் 1940-களிலும், தங்கள் சொந்தப் போராட்டத்தால். ஜனங்களின் இதயத்தைக் குறி வைத்தேன், தற்செயலாக வயிற்றில் பட்டுவிட்டது என்ற பொருளில் சின்க்ளேர் பிறகு வருத்தப்பட்டுச் சொன்னார்.

இந்தக் கதையைச் சொல்லி, "பார்த்தீர்களா, வாசகன் இப்படித்தான்!" என்று பலர் முடித்துவிடுகிறார்கள். நாம் அங்கே முடிக்கத் தயாராக இல்லை. எந்த வாசகன்? 1905-ல் இதே கதையை வாரம்தோறும் சோஷலிஸ்ட் பத்திரிகையில் படித்தவர்கள் சுரங்கத் தொழிலாளிகளும் ரயில்வேத் தொழிலாளிகளும் சிறு விவசாயிகளும். அரசியலுக்காகவே அந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டியவர்கள் அவர்கள். யூர்கிஸ் அவர்களுக்கு அண்ணன் தம்பி. 1906-ல் அட்டை கட்டிய புத்தகமாக வாங்கிப் படித்தவன் இறைச்சி வாங்கித் தின்கிறவன். அவன் அந்தத் தொழிற்சாலைக்கு வெளியே, கடைக்கு முன்னால் நின்றுகொண்டு படித்தான். அவன் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் டப்பாதான் தெரியும், ஆள் தெரிய மாட்டான். புத்தகம் ஒன்றுதான். அதை எங்கே நின்றுகொண்டு, யாரோடு சேர்ந்து படிக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அப்புறம் அந்த நடுத்தர வாசகனை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ரூஸ்வெல்ட்டுக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்துகொண்டுதான் வயிற்றுக்கு மருந்து கொடுத்து இதயத்தை மூடினார். பெரிய பத்திரிகைகளும் அதையே செய்தன. மறைக்க முடியாத ஒன்றை மறைக்கும் வித்தை இது: ஒரு மூலையைப் பெரிதாக்கிக் காட்டினால் மற்றது தானாக இருட்டில் போய்விடும்.

'அரசியல் இல்லாத' கதைகள்

பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் ராபின்சன் குருசோவைப் படிக்கிறார்கள். தனித் தீவில் ஒருவன், அவனுடைய கைத்திறன், விடாமுயற்சி! 1719-ல் டானியல் டீபோ எழுதிய முழு நாவலை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? குருசோ எதற்காகக் கப்பல் ஏறினான்? பிரேசிலில் அவனுக்குத் தோட்டம் இருந்தது. அதில் வேலை வாங்க ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைப் பிடித்து வரப் புறப்பட்டான். அந்தப் பயணத்தில்தான் கப்பல் உடைந்தது. தன்னோடு தப்பி வந்த க்ஸூரி என்ற பையனை அதற்கு முன்பே 60 வெள்ளிக் காசுக்கு ஒரு கப்பல் தலைவனிடம் விற்றிருந்தான். தீவில் வெள்ளிக்கிழமை என்று பெயர் வைத்த மனிதனுக்கு அவன் முதலில் கற்றுக்கொடுத்த சொற்களில் ஒன்று 'எஜமான்'. குழந்தைகளுக்கான சுருக்கப் பதிப்புகளில் இந்த அடிமை வியாபாரம் பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது. மீதி இருப்பது 'விடாமுயற்சி'. இதற்குப் பெயர் அரசியல் இல்லாத கதை!

நாம் இதைச் சொன்னால், "எல்லாவற்றிலும் அரசியல் பார்க்கிறார்கள்" என்று முகம் சுளிக்கிறார்கள். விஷயம் இதுதான். ஏழை பொறுமையாக இருக்க வேண்டும், விசுவாசமான வேலைக்காரன் எஜமானுக்காக உயிரைக் கொடுக்க வேண்டும், பணக்காரன் கெட்டவனாக இருந்தால் கடைசி ரீலில் திருந்திவிடுவான் என்று ஒரு படம் சொன்னால், அது குடும்பச் சித்திரம். கூலி எட்டணா உயர வேண்டும் என்று ஒரு பாத்திரம் வாய் திறந்தால், அது பிரசாரம். ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953-ல் கைத்தறி நெசவாளர் பட்டினியைச் சொன்னபோது 'பிரசாரம்' என்றுதான் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். காற்று எப்போதும் ஒரே பக்கம் அடித்துக்கொண்டிருந்தால் அது அடிப்பதே தெரியாமல் போகும். எதிர்த்து நடக்கிறவனுக்குத்தான் முகத்தில் உறைக்கும்.

சில நேரங்களில் அர்த்தத்தை மறைத்தால் மட்டும் போதாது, வெட்டி மாற்றவே செய்கிறார்கள். ஜார்ஜ் ஆர்வெல் நமக்கு வேண்டியவர் அல்ல, அவருடைய 'விலங்குப் பண்ணை'யைப் பற்றி நமக்குள்ள கருத்தும் பலருக்குத் தெரியும். ஆயினும் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1945-ல் வந்த அந்தப் புத்தகத்தின் முடிவில் பன்றிகளும் மனித முதலாளிகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்க, எது பன்றி எது மனிதன் என்று மற்ற மிருகங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. 1954-ல் இது கார்ட்டூன் படமாக வந்தபோது மேஜையிலிருந்து மனிதர்களைக் காணோம்! பன்றிகள் மட்டும் இருக்கின்றன, மிருகங்கள் அவற்றின் மேல் பாய்கின்றன. படத்துக்குப் பின்னால் அமெரிக்க உளவு ஸ்தாபனமான சி.ஐ.ஏ.வின் பணம் இருந்தது பிற்பாடு அம்பலமாயிற்று. கம்யூனிஸ்டுகளைத் திட்டிய ஓர் எழுத்தாளர் முதலாளிகளையும் சேர்த்துத் திட்டியதைக்கூட அவர்களால் பொறுக்க முடியவில்லை. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த ஜனங்களிடம் போய், "மனிதர்களும் பன்றிகளும் ஒன்றென்று உங்களுக்குப் புரிந்ததா?" என்று கேட்டால் அவர்கள் என்ன சொல்வார்கள்?

கதாநாயகன் என்ற திரை

சரி, வெட்டாமல், மறைக்காமல், நல்ல எண்ணத்தோடு எடுத்த படங்களிலும் அரசியல் நழுவிப் போகிறதே, அது எப்படி?

இதுதான் நாம் ஆழ்ந்து யோசிக்க வேண்டிய இடம். சினிமா ஒருவனுடைய கதையைச் சொல்லுகிறது. விளக்கெல்லாம் அவன் மேல். 'தொழிலாளி', 'படகோட்டி', 'விவசாயி', 'ரிக்‌ஷாக்காரன்' என்று உழைக்கும் மக்களின் பெயரைத் தாங்கியே ஒரு காலத்தில் எம்.ஜி.ஆர். படங்கள் வரிசையாக வந்தன. ஜனங்களுக்கு அநியாயம் புரியவில்லையா? வில்லன் யார் என்று புரியவில்லையா? எல்லாம் புரிந்தது. ஆனால் அநியாயத்தைக் கேட்க ஒருவர் வருவார் என்பதும் சேர்ந்தே புரிந்தது. கொட்டகையில் விசில் அடித்தவன் வெளியே வந்து சங்கத்தில் சேரவில்லை, ரசிகர் மன்றத்தில் சேர்ந்தான். அவன் முட்டாள் என்பதால் அல்ல. படம் அவனுக்குக் கொடுத்த ஸ்தாபனம் அதுதான்!

2021-ல் வந்த 'ஜெய் பீம்' படத்தைப் பாருங்கள். 1993-ல் கடலூர்ப் பகுதியில் போலீஸ் காவலில் ஓர் ஏழை கொல்லப்பட்ட உண்மை வழக்கு. படத்தில் செங்கொடி வருகிறது, மார்க்ஸின் படம் வருகிறது, வழக்கறிஞர் ஊர்வலத்தில் நடக்கிறார். எதையும் ஒளிக்கவில்லை, அதற்காகப் பாராட்டுகிறோம். ஆனால் பார்த்தவர்களில் பலர் பேசியது என்ன? அந்த வக்கீல் எப்படி வாதாடினார்! இப்படி ஒரு வக்கீல், ஒரு நேர்மையான போலீஸ் அதிகாரி இருந்தால் போதுமே! உண்மை வழக்கில், பட்டி தொட்டியில் இருந்த கட்சி ஊழியர்கள் அந்தப் பெண்ணோடு நின்றார்கள், போராட்டம் நடத்தினார்கள், வருஷக் கணக்கில் விடாமல் அலைந்தார்கள். 2006-ல்தான் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அந்த நீண்ட அலைச்சலைக் காமிராவில் பிடிப்பது கஷ்டம். ஒருவர் கருப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்து வருவதைப் பிடிப்பது சுலபம். ஜனங்கள் எதைப் பார்த்தார்களோ அதைப் பேசினார்கள்.

பணக்கார ரசிகனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1987-ல் அமெரிக்காவில் 'வால் ஸ்ட்ரீட்' என்று ஒரு படம் வந்தது. பங்குச் சந்தைக் கொள்ளைக்காரன் ஒருவனைத் தோலுரித்துக் காட்டுவதாக எண்ணித்தான் ஆலிவர் ஸ்டோன் எடுத்தார். நடந்தது என்ன? பங்குத் தரகு வேலைக்கு வந்த எத்தனையோ இளைஞர்கள், "உங்களைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்" என்று அந்தக் கொள்ளைக்காரனாக நடித்த மைக்கேல் டக்ளஸிடமே வந்து கை குலுக்கினார்கள்! இவர்கள் உள்ளர்த்தத்தைத் தவறவிட்டார்கள் என்று சிலர் பரிகாசம் செய்கிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. அவரவர் வர்க்கத்துக்கு வேண்டியதை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். புலியைக் கொடுமையானது என்று வரைந்து காட்டினால் புலிக்குட்டி வெட்கப்படுமா?

சுருட்டுத் தொழிற்சாலையில் வாசித்தவர்கள்

இனி, புரிந்த இடங்களைப் பற்றி. புரியாத இடங்களையே எண்ணிக்கொண்டிருந்தால் மனம் சோர்ந்துவிடும்.

கியூபாவில் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865-ல் ஒரு வழக்கம் ஆரம்பித்தது. தொழிலாளர்கள் இலையைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவர் நடுவில் உட்கார்ந்து உரக்கப் புத்தகம் வாசிப்பார். அவருக்குக் கூலியைத் தொழிலாளர்களே தங்கள் சம்பளத்திலிருந்து பிரித்துக் கொடுத்தார்கள். எந்தப் புத்தகம் என்பதையும் அவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். காலையில் பத்திரிகை, பிறகு நாவல். மறுநாள் வேலை செய்துகொண்டே அதைப் பற்றி வாக்குவாதம். அடுத்த வருஷமே, 1866-ல், ஸ்பானிய கவர்னர் இதைத் தடை செய்தார். தடை நிற்கவில்லை, வழக்கம் திரும்பி வந்தது. கியூபத் தொழிலாளர்கள் பிழைக்கப் போன அமெரிக்காவின் டாம்ப்பா நகரத்துக்கும் அது பரவியது. அங்கே 1931-ல், இந்த வாசகர்கள் 'சிவப்பு' விஷத்தைப் பரப்புகிறார்கள் என்று சொல்லி முதலாளிகள் அவர்கள் உட்காரும் மேடைகளையே பிடுங்கி எறிந்தார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வாசகர் இருந்த இடத்தில் பிற்பாடு வானொலிப் பெட்டி வந்தது.

எங்கோ தூர தேசத்து அதிசயம் என்று நினைக்க வேண்டாம். கண்ணூர்ப் பக்கத்துப் பீடித் தொழிலாளர்கள் இதையே செய்தார்கள். ஒருவர் பத்திரிகை வாசிப்பார், மற்றவர்கள் அவருடைய பங்குப் பீடியைச் சுற்றிக் கொடுப்பார்கள். 1969-ல் அங்கே தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கம் பிறந்தபோது அந்த வழக்கமும் கூடவே வந்தது. நாவலுக்குள் இருக்கும் வர்க்கம் எது, பத்திரிகைத் தலையங்கத்தின் சூது எது என்று அந்தத் தொழிலாளர்களுக்கு யாரும் டியூஷன் வைக்கவில்லை. ஒருவருக்குப் பிடிபடாதது அடுத்தவருக்குப் பிடிபட்டது.

இன்று என்ன நிலைமை? படத்தைக் கொட்டகையில்கூடச் சேர்ந்து பார்ப்பது குறைந்து வருகிறது. ஷிப்டு முடிந்து வருகிறவன் கையில் இருக்கும் செல்போனில், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பார்க்கிறான். அதுவும் முழுப் படம் அல்ல. ஒரு நிமிஷத் துண்டு. வசனம் ஒன்று, அடி ஒன்று, முடிந்தது. முன்னால் என்ன, பின்னால் என்ன என்று கேட்க அவகாசம் கிடையாது, கேட்பதற்குப் பக்கத்தில் ஆளும் கிடையாது. இப்படித் தனித்தனியாகப் பிரித்து உட்கார வைத்துவிட்டு, "உள்ளர்த்தம் புரியவில்லை" என்று அவன் மேல் பழி போடுவது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்று. ஜனங்கள் கண்ணுக்கே வராத படங்களைப் பற்றியும் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டுமா? அமெரிக்காவில் துத்தநாகச் சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தை வைத்து, தடைப் பட்டியலில் வைக்கப்பட்ட கலைஞர்கள் 'சால்ட் ஆஃப் தி எர்த்' எடுத்தார்கள். 1954-ல் அதைத் திரையிட ஒரு சில கொட்டகைகளே கிடைத்தன. நம் நாட்டில், முற்போக்கு எண்ணம் கொண்ட பலர் கூட்டாகப் பணம் போட்டு, நிமாய் கோஷ் டைரக்ட் செய்து, எம்.பி.சீனிவாசன் இசையமைத்த 'பாதை தெரியுது பார்' 1960-ல் வந்தது. தேசிய விருதில் நற்சான்றிதழும் பெற்றது. ஜெயகாந்தனும் கே.சி.எஸ். அருணாசலமும் எழுதிய பாட்டுகளை இன்றும் கேட்கிறோம். படத்தைப் பார்த்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஜனங்கள் அதை நிராகரித்தார்கள் என்று யாராவது சொன்னால், எந்த ஊரில், எந்தக் கொட்டகையில், எத்தனை நாள் காட்டினீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

ஆகவே டீக்கடை வாசலில் அலுத்துக்கொள்ளும் தோழர்களுக்கு நாம் சொல்வது: ஜனங்களைத் திட்டும் நேரத்தில் சங்க ஆபீஸைத் திறந்து வையுங்கள். சுவரும் ஒரு வெள்ளை வேட்டியும் இருந்தால் இன்றைக்குப் படம் காட்டிவிடலாம். பெரிய பெரிய 'உலக சினிமா'வாகத் தேட வேண்டாம். ஊரே பார்த்த படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். படம் முடிந்ததும் பிரசங்கம் செய்ய எழுந்திருக்காதீர்கள், அதைக் கேட்டுக் கேட்டு ஜனங்களுக்குச் சலித்துவிட்டது. விளக்கைப் போட்டுவிட்டுக் கேள்வி கேளுங்கள். இந்தக் கதையில் சமைத்தது யார், துணி துவைத்தது யார், அவர்களுக்குக் கூலி எவ்வளவு, கதாநாயகன் சாப்பிட்ட சோற்றுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? முதல் வாரம் நான்கு பேர்தான் பேசுவார்கள், அதிலும் இரண்டு பேர் நடிகையைப் பற்றிப் பேசுவார்கள். பேசட்டும். நேரத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு முன்பாக வையுங்கள். இரவுக் காட்சி என்றால் பெண்கள் வர முடியாது. அவர்கள் வராத கூட்டத்தில், மேலே கேட்ட கேள்விகளுக்குப் பதில் தெரிந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.